அடர் ஊதா, அடர் நீலம்

நிறம் கலப்பதைச் சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எவ்வளவு மெழுகுக்கு எவ்வளவு சாயம் என்பதை இப்போது டப்பாவின் மேலேயே அச்சடித்துத் தருகிறார்கள். போனில் தேடினால் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி யாராவது செய்து காண்பிப்பார்கள். அதில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிய சாய்ப்பில் பல வருஷம் மெழுகுவர்த்தி வார்த்தேன். மெழுகுப் புகையில் மூச்சு இளைக்கத் தொடங்கியதும் நிறுத்தினேன். அன்றைய அச்சுகளில் பாதி இப்போது உங்களிடம் இருக்கிறது. அச்சோடு சேர்த்துத் தரமுடியாமல் போன சில விஷயங்கள் உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

வெளிர் நிறத்தில் தப்பித்துக்கொள்ளலாம். ரோஸ் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ரோஸ்தான். அடர் நிறம் கேட்டு வருகிறவர் மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டுதான் வருவார். மெரூன் என்றால் அவர் கண்ணுக்குள் இருக்கிற அந்த மெரூன்தான் வேண்டும்.

நாகர்கோவிலில் கல்யாண மேடை அலங்கரிக்கிற ஒரு பெண் ஒருமுறை மணப்பெண்ணின் சேலைக் குஞ்சத்திலிருந்து ஒரு மெரூன் நூலை எடுத்து வந்தார். வரவேற்பு மேசைகளுக்கு அதே நிறத்தில் வர்த்தி வேண்டும். பக்கத்து வீட்டு லலிதாதான் அப்போது என்னோடு வேலை செய்தாள். நிறம் பார்ப்பதில் என்னைவிடக் கூர்மை. சாயந்தரம் டியூப்லைட் வெளிச்சத்தில் நானும் அவளும் நூலை வைத்து ஒப்பிட்டு, அப்படியே பொருந்துகிறது என்று வார்த்து முடித்தோம். காலையில் வெயிலில் வைத்துப் பார்த்தால் பழைய ஓட்டு நிறம். லலிதா ஒன்றை எடுத்து மண் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தாள்.

"உருக்கிரலாமாக்கா?" என்று கேட்டாள்.

உருக்கினால் திரும்ப வார்க்க நேரம் போதாது. அலங்காரக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து, மண்டபத்தில் என்ன விளக்கு என்று கேட்டேன். மஞ்சள் பல்பு என்றார். சாய்ப்பின் கதவைச் சாத்தி ஒரு மஞ்சள் பல்பைப் போட்டுப் பார்த்தோம். பழுப்பு உள்ளே போய்ச் சிவப்பு மேலே வந்தது. அப்போதும் மொத்தத்தையும் அனுப்பவில்லை. இரண்டை மட்டும் கொடுத்தனுப்பி, மண்டபத்து வெளிச்சத்தில் சேலையோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். பொருந்துகிறது என்று பதில் வந்தபிறகுதான் மற்றதைக் கட்டினோம். வர்த்தி எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு நிறம் கலக்குங்கள்.

இன்னொன்று. அடர்த்தி வேண்டும் என்றதும் கை கறுப்புச் சாயத்துக்குப் போகும். போகவிடாதீர்கள். கறுப்பு விழுந்த பச்சை குளத்துப் பாசிபோல இருக்கும், நீலம் மைக்கறைபோல இருக்கும். நீலத்தை ஆழமாக்க ஒரு துளி ஆரஞ்சு போதும், சிவப்புக்கு ஒரு துளி பச்சை போதும். கறுப்பு வேண்டாம் என்று தெரிந்துகொண்டவர்கள் அடுத்தபடியாக, கேட்ட நிறத்தின் சாயத்தையே அள்ளிப் போடுவார்கள். அப்போது வருவது வேறு சிக்கல். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

மிக்கேலம்மாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். மற்ற மீன்காரிகளோடு டெம்போவில் வந்து இறங்கி, அலுமினிய மீன்சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். அவருக்கு ஒரே மகன், ஆன்றோ. ஆழ்கடலுக்குப் போன படகு ஒன்று அந்த வருஷம் மழைக்காலத்தில் திரும்பி வரவில்லை. அதில் அவனும் இருந்தான். தேடிப்போன படகுகள் ஒன்றும் கிடைக்காமல் வந்தன. போனவர்களில் ஒருவருடைய உடல்கூடக் கரை சேரவில்லை. மிக்கேலம்மாள் கொஞ்சநாள் தெருவுக்கு வராமல் இருந்தார். பிறகு பழையபடி வந்தார். மகனைப் பற்றி யாராவது கேட்டால் மீன் விலையைச் சொல்வார். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாள் நெருங்கும்போது எங்களுக்கு வேலை கூடும். நான் கத்தோலிக்கர் இல்லை, என் சபையில் இறந்தவர்களுக்கு வர்த்தி ஏற்றும் வழக்கம் இல்லை. ஆனாலும் என் வியாபாரத்தில் பெரும்பங்கு அந்தத் திருநாளை ஒட்டித்தான். எந்த நிறம் எதற்கு என்பதை வாங்க வருகிறவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஊதா இறந்தவர்களுக்கு உள்ளது. நீலம் மாதாவுக்கு.

அப்படி ஒரு நாள் சகாயமேரி தனியாக பஸ் பிடித்து வந்தாள். ஆன்றோவின் மனைவி. அதற்கு முன்பு அவளை நான் பார்த்ததில்லை. இன்னார் மருமகள் என்று அவளே சொன்னாள். கை மணிக்கட்டுப் பருமனில் ஒரே ஒரு ஊதா வர்த்தி வேண்டும் என்றாள். கறுப்பென்று தோன்றக்கூடாது, வெளிறியும் இருக்கக்கூடாது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் வெள்ளை வர்த்திதான் ஏற்றுவார்கள், அவற்றுக்கு நடுவே அது தனியாகத் தெரியவேண்டும். அவனுக்குக் கல்லறை இல்லாததால் நடுவில் இருக்கிற பெரிய குருசின் கீழே வைக்கப்போகிறாள். பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியாரிடம் சொல்லவில்லை.

இவ்வளவையும் நிதானமாகத்தான் சொன்னாள். ஏன் இந்த வருஷமே என்று நான் கேட்டிருக்கத் தேவையில்லை, கேட்டுவிட்டேன்.

"அழுதா மாமி சத்தம் போடுவாவ, அவன் செத்தா போயிட்டான் அழுகதுக்குண்ணு. அழாம இருந்தா ஊரு பேசும். எனக்க மவ பள்ளிக்கூடத்தில அப்பா நாளைக்கு வருவாருண்ணு சொல்லிட்டு இருக்கா. டெய்லி நாளைக்குதான் ஆன்டி," என்றாள். பிறகு, மாமியிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அந்த வாரமே மிக்கேலம்மாள் மீன் போட்டுவிட்டு, சருவத்தைத் திரும்பத் தூக்காமல் நின்றார். மாதா படத்துக்கு முன்னால் வைக்க ஒரு வர்த்தி வேண்டும். நீலம். கெட்டியான நீலம். தூரத்தில் கடல் எப்படித் தெரியுமோ அப்படி. ஆன்றோ திரும்பி வருவதற்கான நேர்ச்சை அது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்க மருமவ இஞ்ச வந்தாளா பிள்ளே?"

திருநாள் சமயம், யார் யாரோ வருகிறார்கள் என்றேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

"ஊதா கேட்டா குடுக்கப்பிடாது," என்று சொல்லிவிட்டுச் சருவத்தைத் தூக்கிக்கொண்டார்.

லலிதா ஒரு வழி சொன்னாள். ஊதாச் சாயம் தீர்ந்துவிட்டது என்று சகாயமேரியிடம் சொல்லிவிடலாம், யாருக்கும் மனவருத்தம் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். சாயம் இல்லை என்று சொல்வதும் ஒரு பக்கம் சேர்வதுதான். ஆன்றோ உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் மிக்கேலம்மாளுக்காக நான் பொய் சொல்வதற்கு என்ன காரணம்? இரண்டையும் செய்வோம், ஒருத்தருக்குச் செய்வதை மற்றவரிடம் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இரண்டையும் ஒரே நாளில் வார்த்தோம். உருகிய நிலையில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், உறைந்தால் வெளிறும். அதனால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, ஆறவைத்துப் பார்ப்போம். சொட்டு வெளிறியிருந்தது, சாயம் கூட்டினோம். இன்னும் வெளிறியிருந்தது, இன்னும் கூட்டினோம். அச்சிலிருந்து எடுத்தபோது இரண்டும் நான் அதுவரை செய்ததிலேயே அழகான வர்த்திகள். ஊதா பழுத்த நாவல்பழம் மாதிரி. நீலமும் அவர் கேட்ட அதே கடல்.

பானையில் மிஞ்சிய ஊதாவில் ஒரு சின்ன வர்த்தி வார்த்து வைத்திருந்தேன். எரித்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை என்பது என் வழக்கம். அதைக் கொளுத்தினேன். சுடர் நன்றாக எழுந்தது. கொஞ்ச நேரத்தில் குறுகியது. பயறு அளவுக்கு ஆனது. அணைந்துவிட்டது. திரும்பக் கொளுத்தினேன், முன்பைவிடச் சீக்கிரம் அணைந்தது. கத்தியால் பிளந்து பார்த்தால் திரியின் நுனியில் தார்போல ஒரு கட்டி. அள்ளிப்போட்ட சாயம் திரியில் ஏறி அடைத்துக்கொண்டு, மெழுகு மேலே வர வழி இல்லாமல் செய்துவிட்டது. நான் சொன்ன சிக்கல் இதுதான்.

இதற்குத் தீர்வு உண்டு. உள்ளே வெளிர் நிறத்தில் வார்த்து, அதை அடர்ந்த சாயமெழுகில் பலமுறை முக்கி எடுத்தால் மேல்தோல் மட்டும் அடர்ந்திருக்கும், திரியைச் சுற்றி மெழுகு சுத்தமாக இருக்கும். மறுநாள் காலையில் வரப்போகிறவள் சகாயமேரி என்பதால் ஊதாவை முதலில் அப்படி மாற்றினோம். அதில் ஒரு மாதிரியைக் கடைசிவரை எரித்துப் பார்த்தோம், நின்று எரிந்தது. மிக்கேலம்மாள் அதற்கும் அடுத்த நாள்தான் வருவதாக இருந்தது. ஆகவே நீலத்துக்கு வெளிர் உள்வர்த்தியை மட்டும் வார்த்துவிட்டு, முக்குவதை மறுநாள் மத்தியானம் செய்யலாம் என்று பழைய நீலத்தை மேசையில் வைத்திருந்தேன்.

காலையில் சகாயமேரி வந்து ஊதாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வாசலில் சருவம் இறக்குகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு வலையில் சாளை மீன் நிறையப் பட்டதால் மிக்கேலம்மாள் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தார். அப்படியே நீலம் ஆகிவிட்டதா என்று பார்க்கலாம் என்று சாய்ப்புக்குள் நுழைந்தார்.

மருமகளைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சகாயமேரியும் அதை மறைக்கவில்லை. மேசையில் வைத்தாள், நீலத்துக்குப் பக்கத்தில்.

"மாமி, அவரு செத்தாருண்ணு நான் சொல்லல்ல. எனக்கு ஒண்ணும் தெரியல்ல. தெரியாம எத்தர நாளு இருக்கது?"

மிக்கேலம்மாள் என்னிடம் திரும்பித் தீப்பெட்டியைக் காட்டினார்.

"ரெண்டையும் இஞ்சயே கத்திச்சு வை பிள்ளே. அவன் இருக்கான்னா எனக்க வர்த்தி நிக்கும். இல்லேன்னா அவளுக்குள்ளது நிக்கட்டு. மாதா காட்டித் தரட்டு."

சகாயமேரி மறுப்பாள் என்று பார்த்தேன். அவளும், "கத்தியுங்க ஆன்டி. எனக்கும் ஒரு பதிலு வேணும்," என்றாள்.

லலிதா என்னைப் பார்த்தாள். அந்தச் சாய்ப்பில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது அது. ஊதா நின்று எரியும். நீலம் அணையும்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் பல வழிகள் தோன்றுகின்றன. தீப்பெட்டி நமத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் கொண்டுபோய் ஏற்றுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவர் வீட்டில், மாதா படத்துக்கு முன்னால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அணைந்திருக்கும். அப்போது விளக்கம் சொல்ல நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். அன்றைக்கு இவ்வளவும் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். கொளுத்தக்கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கொளுத்தமாட்டேன் என்றேன்.

"ஏன்?" என்றார் மிக்கேலம்மாள்.

முந்தின நாள் அணைந்துபோன அந்தச் சின்ன ஊதாவின் ஒரு பாதி, திரியோடு ஒட்டியபடி தட்டில் கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துக் கொளுத்தினேன். சுடர் எழுந்து, குறுகி, அணைந்தது. மிக்கேலம்மாள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். அதைத்தான் நான் உடனே கெடுக்கவேண்டியிருந்தது.

"அக்கா, இது ஊதா. அணைஞ்சாச்சு. உங்க கணக்குக்கு ஆன்றோ இருக்கான்னு அர்த்தம். ஆனா உங்களுக்குச் செஞ்ச நீலமும் இதே மாதிரி அணையும். ரெண்டுலயும் ஒரே அளவு சாயம்தான் போட்டேன். அவளுக்கு உள்ளத மட்டும் நேத்து மாத்திச் செஞ்சேன். உங்களுக்கு உள்ளத இன்னும் மாத்தல்ல. அதான் இது நிக்கும், அது நிக்காது. வேற ஒண்ணும் இல்ல."

திரி நுனியில் இருந்த கட்டியைக் கத்தியால் எடுத்துத் தாளில் தேய்த்துக் காட்டினேன். தாள் முழுக்க ஊதா. மிக்கேலம்மாள் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இத்தர சாயம் போடச் சொன்னது ஆரு?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னை அல்ல, மாதாவை என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோலவே பதில் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும்தான். கெட்டியா வேணும்ணு கேட்டிய. நான் போட்டேன். இதுல வேற ஆருக்கும் பங்கில்ல."

சகாயமேரி அழத் தொடங்கினாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மிக்கேலம்மாள் அவளைத் தடுக்கவில்லை. அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்து, நீலத்தைக் காட்டி, "இது வீட்டில வச்சும் அணைஞ்சிருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். மாற்றித் தருகிறேன், ஆனால் நேரம் ஆகும் என்றேன். இருக்கிறேன் என்றார்.

லலிதா அடுப்பைப் பற்றவைத்தாள். முக்கி எடுப்பது அவசரப்படுத்த முடியாத வேலை. ஒவ்வொரு முறையும் மேல்தோல் ஆறவேண்டும். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வாசலில் சருவம் நிறையச் சாளை. மிக்கேலம்மாள் அதை மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சகாயமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள், லலிதாவைப் பிடிக்கச் சொல்லிச் சருவத்தை ஏற்றிக்கொண்டாள். அவள் மீன் விற்கப் போனதே கிடையாதாம், மிக்கேலம்மாள் பிறகு சொன்னார். கொஞ்ச நேரத்தில் தெருவில் அவள் கூவுகிற சத்தம் கேட்டது. முதலில் தயங்கி, பிறகு உரக்க. மிக்கேலம்மாள் தலையைத் திருப்பி, அந்தச் சத்தம் தெருக்கோடி திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் நீலத்தை முக்கி எடுத்தேன்.

அவள் காலிச் சருவத்தோடு திரும்பியபோது நீலம் ஆறியிருந்தது. அதே பானையில் முக்கிய சின்ன மாதிரியைக் கொளுத்தி, நன்றாக எரிகிறது என்று காட்டினேன். இரண்டையும் தனித்தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

இரண்டு வர்த்தியும் கடைசிவரை எரிந்தன என்று மற்ற மீன்காரிகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மிக்கேலம்மாள் அந்த வருஷம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் மருமகள் ஊதாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, காற்று அடிக்கிறது, பார்த்துப் போ என்று சொன்னாராம்.

நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் சாயம், திரி என்று பேசியது சரியா என்று லலிதா பிறகு கேட்டாள். ஏற்றுகிறவர்கள் தங்கள் வர்த்தியில் எதை வேண்டுமானாலும் காணட்டும், அது அவர்கள் காரியம். நம் கைப்பிழை ஒன்று அடையாளமாகிப் போய்விடக்கூடாது, அது நம் காரியம். ஆகவே வார்த்ததை எரித்துப் பாருங்கள். எரியாததை எரியாது என்று சொல்லுங்கள், கேட்கிறவர் முகம் எப்படி மாறினாலும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் அதற்குமேல் தெரியாது.

ஆன்றோ வரவில்லை. சில வருஷங்கள் மிக்கேலம்மாள் திருநாளுக்கு முன்பு நீலமே வாங்கினார். நான் நிறுத்துவதற்கு முந்தைய வருஷம் என்று நினைக்கிறேன், சாய்ப்பில் வந்து உட்கார்ந்து, இந்தமுறை ஊதா வேண்டும் என்றார். நான் ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தேன். ஊதா கரைந்து வந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் நீலம் சேப்பியா?" என்றார்.

ஒரு துளி விட்டுத் தாளில் சொட்டிக் காட்டினேன். அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் என்றார். இன்னும் ஒரு துளி. மறுபடியும் வாசலுக்குப் போனார். அந்த நிறத்துக்கு என்ன அளவு என்று நீங்கள் கேட்டால் என்னால் சொல்லமுடியாது. அவர் போதும் என்று சொல்லும்வரை விட்டேன்.